"முடிச்சாச்சுங்க, ரெண்டு அரியர் மட்டும் இருக்குது": பட்டக் கணக்கைப் பற்றி ஒரு திறந்த மடல்

பெறுநர்: கொங்கு மண்டலக் கலை அறிவியல் கல்லூரிகளின் முதல்வர்கள், அவை இணைவு பெற்ற பல்கலைக்கழகங்களின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்கள், கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

பல்லடத்தில் தறி ஓட்டுகிறவரிடமோ திருப்பூரில் செக்கிங் டேபிள் முன்னால் நிற்கிறவரிடமோ "டிகிரி முடிச்சாச்சுங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். வயது இருபத்திரண்டு, இருபத்துமூன்று என்றால் பாதிப் பேராவது இப்படித்தான் சொல்வார்கள்: "முடிச்சாச்சுங்க, ரெண்டு அரியர் மட்டும் இருக்குதுங்க." சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. மூன்று ஆண்டும் கல்லூரிக்குப் போயிருக்கிறார். அவருடைய டி.சி.யில் படிப்பை முடித்தார் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் தேறாமல் மிச்சம் நிற்கும் அந்த இரண்டு தாளால் பட்டம் இல்லை. கல்லூரியின் இடைநின்றோர் பட்டியலில் அவர் பெயர் கிடையாது, ஏனென்றால் அவர் நிற்கவில்லை. பட்டம் பெற்றோர் பட்டியலிலும் கிடையாது. இரண்டு பதிவேட்டுக்கும் நடுவில் விழுந்துபோன இப்படிப்பட்டவர்களைப் பற்றியும், அவர்களுக்கு முன்பே முதலாண்டிலேயே சத்தமில்லாமல் போய்விடுகிறவர்களைப் பற்றியும்தான் இந்த மடல்.

தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் 47.0. நாட்டு அளவில் அது 28.4. எல்லா மேடையிலும் சொல்லப்படும் எண்; பெருமைப்பட வேண்டிய எண்ணும்கூட. ஆனால் அது 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகைக்கு எத்தனை பேர் கல்லூரிப் பதிவேட்டில் இருக்கிறார்கள் என்று சொல்கிறதே தவிர, உள்ளே போனவர் பட்டத்தோடு வெளியே வந்தாரா என்று சொல்வதில்லை. அந்தக் கணக்கெடுப்பில் அந்தந்த ஆண்டு தேறியோர் எண்ணிக்கையும் வருகிறது. ஆனால் இந்த ஆண்டு தேறியவரும் இந்த ஆண்டு சேர்ந்தவரும் வேறு வேறு ஆட்கள். ஒன்றை மற்றொன்றால் வகுத்து வரும் சதவீதத்துக்குப் பொருள் இல்லை. சேர்க்கை கூடிக்கொண்டே போகும் காலத்தில் அப்படி வகுத்தால் நிலைமை உள்ளதைவிட மோசமாகவும், சேர்க்கை குறையும் காலத்தில் உள்ளதைவிட நன்றாகவும் தெரியும்.

கல்லூரிகள் தகவல் பலகையில் போடும் "தேர்ச்சி 91 சதவீதம்" எப்படி வருகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மற்றவர்களும் புரிந்துகொள்ளட்டும் என்று ஒரு கற்பனை வகுப்பை வைத்துப் போட்டுக் காட்டுகிறோம். ஜூலையில் 60 பேர் சேர்கிறார்கள். செப்டம்பர் 30க்குள் 6 பேர் இன்ஜினியரிங், பாராமெடிக்கல், வேறு கல்லூரி என்று மாறிப் போய்விடுகிறார்கள். மீதி 54. மூன்றாம் ஆண்டு வருகைப்பதிவேட்டில் 44 பெயர்கள். ஆறாம் பருவத் (செமஸ்டர்) தேர்வு எழுதியவர் 43. அந்தப் பருவத்துத் தாள்கள் எல்லாவற்றிலும் தேறியவர் 39. 43க்கு 39 என்றால் 90.7, பலகையில் 91. ஆனால் முதல் பருவம் தொடங்கி ஆறு பருவத் தாள்களிலும் அரியர் இல்லாமல் அன்றைக்கே பட்டத்துக்குத் தகுதியானவர் 27 பேர்தான் என்று வையுங்கள். 54க்கு 27, அதாவது 50. அடுத்த இரண்டு ஆண்டில் இன்னும் 8 பேர் எழுதித் தேறினால் 35, விகிதம் 64.8. மிச்சம் 19 பேரில் 10 பேர் பாதியில் போனவர்கள், 9 பேர் "முடிச்சாச்சுங்க" என்கிறவர்கள். ஒரே வகுப்புக்கு 91, 50, 65 என்று மூன்று எண். மூன்றும் சரியான வகுத்தல்தான். நாம் ஊருக்குச் சொல்வது முதலாவதை மட்டும்.

இதை வேறு இடங்களில் எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு வரி. அமெரிக்காவில் 1990இல் வந்த சட்டப்படி, ஒரே ஆண்டில் சேர்ந்த மாணவர் அணியை எடுத்து, படிப்புக் காலத்தின் ஒன்றரை மடங்குக்குள் எத்தனை பேர் முடித்தார்கள் என்று கல்லூரி வெளியிட்டாக வேண்டும். நான்கு ஆண்டுப் படிப்புக்கு ஆறு ஆண்டுக் கெடு. இங்கிலாந்தில் சேர்ந்து ஓராண்டு கழித்துத் தொடர்கிறாரா என்பதையும் தனியாகப் பார்க்கிறார்கள், ஏனென்றால் ஓட்டை பெரும்பாலும் முதலாண்டில்தான் விழுகிறது. நம் நாட்டிலும் இது தெரியாத விஷயமில்லை. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையே குறித்த காலத்துக்குள் தேறியவர்களைத்தான் கேட்கிறது. தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் அந்த எண்ணை எங்கிருந்தோ எடுத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. பலகைக்கு மட்டும் அது வருவதில்லை.

முதல் ஓட்டை சேர்க்கையின்போதே இருக்கிறது. அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் மே மாதமே தொடங்கிவிடும். பொறியியல் கலந்தாய்வும் மருத்துவம் சார்ந்த படிப்புகளின் கலந்தாய்வும் அதற்குப் பிறகு வருகின்றன. எதற்கும் இருக்கட்டும் என்று பி.எஸ்சி.யில் ஒரு சீட்டைப் போட்டு வைக்கிறவர் ஆகஸ்டில் போய்விடுவார். இவர் இடைநின்றவர் அல்ல, இடம் மாறியவர். இவரை இடைநின்றோர் கணக்கில் சேர்த்தால் கல்லூரிக்கு அநியாயம். சேர்க்காமல், எங்கே போனார் என்றும் எழுதாமல் விட்டால், நிஜமாகவே பனியன் கம்பெனிக்குப் போனவரும் இவரோடு கலந்து மறைந்துபோவார். டி.சி. கொடுக்கும்போது "அடுத்து எங்கே?" என்ற ஒரு கட்டத்தை நிரப்பி வாங்கினால் இந்தக் குழப்பம் தீர்ந்தது.

டி.சி. வாங்காமலே போகிறவர்கள் இன்னொரு வகை. தனியார் கல்லூரிகளில் மூன்றாண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ் என்று சொல்லி வைப்பதால் வருகிற கூட்டம் இது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்றும், சேர்க்கைக் கடைசி நாளுக்கு முன்போ பின்போ எத்தனை நாளில் விலகினால் எத்தனை சதவீதம் கட்டணம் திருப்பித் தர வேண்டும் என்றும் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018இலேயே அறிவித்திருக்கிறது. பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ் ஒரு கல்லூரியின் பீரோவில் கிடக்கும்போது அந்தப் பிள்ளை வேறு கல்லூரியில் எப்படிச் சேரும்? ஒரு கல்லூரியை விட்டவர் படிப்பையே விட்டவராவது இப்படித்தான்.

அடுத்தது பதிவேட்டில் மட்டும் இருக்கும் மாணவர். ஆகஸ்டில் பத்து நாள் வந்துவிட்டு நின்றுபோனவருடைய பெயர் மூன்றாம் பருவம் வரை லாங் ஆப்சென்ட் என்று எழுதப்பட்டு அப்படியே இருக்கும். ஏன் நீக்குவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடலாம். வகுப்பில் தலை குறைந்தால் அடுத்த பிரிவு போய்விடும், ஒர்க்லோடு (ஆசிரியர்களின் பாட மணி நேரம்) குறையும், கௌரவ விரிவுரையாளர் ஒருவருக்கு மணி நேரம் இல்லாமல் போகும். ஆசிரியர் பணியிடத்தையும் வகுப்பின் தலைக்கணக்கையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருக்கும்வரை எந்தத் துறைத்தலைவரும் பெயரை அடிக்கத் தயங்கத்தான் செய்வார். ஆகவே இணை இயக்குநர் அலுவலகத்துக்கு எங்கள் முதல் கோரிக்கை: செப்டம்பர் 30ஆம் தேதி நாமினல் ரோலை (வகுப்பின் பெயர்ப் பட்டியலை) உறைய வையுங்கள், ஒர்க்லோடு கணக்கை மூன்று ஆண்டுக்கும் அந்த எண்ணை வைத்தே போடுங்கள். பெயரை மறைத்து வைக்க யாருக்கும் காரணம் இருக்காது.

இனி, யார் எப்போது போகிறார்கள் என்பது. இந்த மண்டலத்தில் அதற்கு ஒரு காலண்டரே இருக்கிறது. ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள் என்றால் 75 சதவீத வருகைக்கு 68 நாள் வர வேண்டும். 22 நாள்தான் விட முடியும். 65 சதவீதம் என்றால் 59 நாள். அதற்கும் 75க்கும் இடையே இருப்பவர் வருகைக் குறைவை மன்னிக்கும் கண்டோனேஷன் கட்டணம் கட்டி எழுதலாம் என்பதுதான் பொதுவான நடைமுறை. தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரம் திருப்பூரில் கடைசி நேர ஆர்டர். ஒண்ணரை ஷிப்ட், ரெண்டு ஷிப்ட் ஓடும். கரூரிலும் ஈரோட்டிலும் கடைகளுக்கு ஆள் தேவை. மதியம் கல்லூரி உள்ள பையன் காலையில் வேலைக்குப் போவான் என்பது போய், மதியமும் வேலைக்குப் போவான். அந்த 22 நாளும் அங்கேயே தீர்ந்துவிடும். பிறகு ஒரு காய்ச்சல், ஒரு நோம்பி, ஒரு கல்யாணம். நவம்பரில் ஹால் டிக்கெட் நிறுத்தப்பட்ட பட்டியலில் பெயர் வரும். அந்தப் பட்டியல் ஒட்டப்படுவது தேர்வுக்கு மூன்று நான்கு நாள் முன்பு. அப்போது தெரிந்து என்ன செய்வது? வருகை 80க்குக் கீழே இறங்கிய வாரத்திலேயே தெரிந்திருந்தால் மீதியைப் பிடித்திருக்கலாம்.

இரட்டைப் பருவத்தில் (இரண்டு, நான்கு, ஆறாம் பருவங்களில்) இன்னொரு விதம். தை முதல் பங்குனி வரை மஞ்சள் வெட்டு, வேகவைப்பு, பிறகு மாரியம்மன் நோம்பி, ஏப்ரல் தேர்வு, மே, ஜூன் விடுமுறை. விடுமுறையில் "ரெண்டு மாசம் போய்ட்டு வர்றேன்" என்று வேலைக்குப் போகிறவருக்குக் கையில் வாரச் சம்பளம் வந்துவிடும். திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வெளிமாநிலம் போனவர் ஜூன் 16க்கு வந்து சேர்வார் என்று எதிர்பார்ப்பது நம் ஆசை. சேலத்து வெள்ளிப் பட்டறையோ சோமனூர்த் தறியோ, கைத்தொழில் தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த இழுப்பு இன்னும் அதிகம். பெண்களுக்கு இரண்டாம் ஆண்டு முடிந்து ஆவணியில் கல்யாணம். இவர்கள் யாரும் படிப்பை விடுகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. அதனால்தான் கண்டுபிடிக்கும் வேலை நம்முடையதாகிறது.

கண்டுபிடிக்கப் புதிய மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு கல்லூரி அலுவலகத்திலும் இருக்கும் நான்கு காகிதம் போதும். பத்து வேலை நாள் தொடர்ந்து வராதவர் பட்டியல்; முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வை எழுதாதவர் பட்டியல்; பஸ் பாஸுக்கு விண்ணப்பித்துவிட்டு வாங்க வராதவர் பட்டியல்; எல்லாவற்றையும்விட முக்கியமாக, தேர்வுக் கட்டணம் கட்டாதவர் பட்டியல். கடைசியாகச் சொன்னது பொய்யே சொல்லாது. அபராதம் இல்லாமல் கட்டும் கடைசி நாளன்று மாலை, நாமினல் ரோலிலிருந்து கட்டியவர்களைக் கழித்தால் மிஞ்சும் பெயர்கள்தான் அடுத்த பருவம் வரமாட்டார்கள் என்று அஞ்ச வேண்டியவர்கள். அபராதத்தோடு கட்ட இன்னும் சில நாள் கெடு இருக்கும். அந்த நாட்களுக்குள் போன் போக வேண்டும். இப்போது நடப்பது என்ன? அந்தப் பட்டியல் தேர்வுப் பிரிவில் ஒரு கோப்பில் போய் உட்கார்ந்துவிடுகிறது. வகுப்பு ஆசிரியர் கண்ணில் அது படுவது ஹால் டிக்கெட் கொடுக்கும் நாளில்.

போன் என்றதும் ஒரு சங்கடம். அரசுக் கல்லூரி விண்ணப்பம் இணையத்தில் போடப்படுவதால், பல பிள்ளைகளின் விண்ணப்பத்தில் உள்ள கைபேசி எண் ஊர் பிரவுசிங் சென்டர்க்காரருடையது. ஓ.டி.பி. வர வேண்டும் என்பதற்காக அவர் தன் எண்ணைப் போட்டிருப்பார். மூன்றாண்டும் கல்லூரி அனுப்பும் குறுஞ்செய்தி எல்லாம் அவருக்குத்தான் போகும். சேர்க்கை முடிந்த முதல் வாரத்தில், மாணவர் எதிரிலேயே ஒரு மிஸ்டுகால் கொடுத்து எண்ணைச் சரிபாருங்கள். கூடவே அம்மாவின் எண், பக்கத்து வீட்டு எண் என இரண்டு வாங்குங்கள். அப்பா எண் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கட்டண விஷயமாக அழைத்தால் அம்மாதான் எடுக்கிறார் என்பது தேர்வுப் பிரிவில் எல்லாருக்கும் தெரியும்.

இனி அரியர். எங்கே விழுகிறது என்று பார்த்தால் எல்லாத் தாளிலும் பரவலாக விழுவதில்லை. இரண்டு மூன்று தாளில் குவிந்து விழும். பி.காம்.மில் முதல் பருவ நிதிக் கணக்கியல்; பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு படித்துவிட்டு வந்தவருக்குப் பற்று வரவே புதுசு. இயற்பியல், வேதியியல் மாணவருக்குத் துணைப்பாடக் கணிதம். தமிழ்வழியில் வந்தவர்களுக்குப் பகுதி இரண்டு ஆங்கிலம். முதல் பருவ முடிவைத் தாள்வாரியாக ஒரு பக்கத்தில் போட்டுப் பார்த்தால், அரியர்களின் பெரும்பகுதி எந்த மூன்று தாளில் இருக்கிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த மூன்றுக்கு மட்டும், பாடம் தொடங்குமுன் முப்பது மணி நேரம் அடிப்படை வகுப்பு வையுங்கள். எல்லாத் தாளுக்கும் "சிறப்புப் பயிற்சி" என்று அறிவித்துவிட்டு எதற்கும் நடத்தாமல் போவதைவிட இது மேல்.

இதில் கவனிக்காமல் விடப்படும் ஒரு கணக்கு உள்மதிப்பீடு. 25க்கு உள்மதிப்பீடு, 75க்கு எழுத்துத் தேர்வு. மொத்தம் 40, எழுத்துத் தேர்வில் தனியாக 30 என்ற விதி உள்ள இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்மதிப்பீட்டில் 18 வாங்கியவருக்கு எழுத்தில் 30 போதும். வருகைக் குறைவாலும் உள்தேர்வு எழுதாததாலும் 6 மட்டும் போடப்பட்டவருக்கு 34 வேண்டும். நாலு மார்க்குதானே என்று தோன்றும். ஆனால் தட்டுத்தடுமாறி எழுதுகிறவர் நிற்பதே 28க்கும் 34க்கும் நடுவில்தான். அந்த 6 மதிப்பெண் வாழ்நாளுக்கும் மாறாது. பத்தாவது முறை எழுதினாலும் அதே 6 வந்து கூடும். இரண்டு முறை தவறியவருக்கு உள்மதிப்பீட்டை விட்டுவிட்டு எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் தேர்ச்சி கொடுக்கலாம். அண்ணா பல்கலைக்கழக விதிகளில் இப்படி ஒரு வழி இருந்திருக்கிறது. கலை அறிவியல் பக்கம் கொண்டுவர ஆட்சிக் குழுத் தீர்மானம் ஒன்று போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் அரியர் இருந்தாலும் அடுத்த ஆண்டுக்குப் போகலாம். ஒரே வகுப்பில் நிறுத்திவைக்கும் வழக்கம் இல்லை. இது நல்ல விதி என்றே நினைக்கிறோம். நிறுத்திவைத்தால் முதலாண்டிலேயே பாதிப் பேர் போய்விடுவார்கள். ஆனால் இந்த விதிக்கு ஒரு விலை உண்டு: தோல்வி வெளியே தெரியாமல் மூன்றாண்டு சேர்ந்துகொண்டே போகிறது. முதல் பருவத்தில் இரண்டு, மூன்றாம் பருவத்தில் மூன்று, ஐந்தாம் பருவத்தில் இரண்டு என்று ஏழு சேர்ந்தபின் ஒருநாள் வகுப்பு முடிந்துவிடும். 2020 ஆகஸ்டில் தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தால் அரியர் எல்லாம் தேர்ச்சி என்று அறிவிப்பு வந்ததையும், அது நீதிமன்றம் வரை போனதையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு ஊரெங்கும் ஒட்டிய போஸ்டர்கள்தான் எத்தனை வீட்டில் எத்தனை அரியர் ஒளிந்திருந்தது என்பதற்கு நமக்குக் கிடைத்த ஒரே கணக்கெடுப்பு.

வகுப்பு முடிந்த மறுநாளிலிருந்து அந்த மாணவர் யாருடைய பொறுப்பும் இல்லை. டி.சி. வாங்கியாகிவிட்டது, வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கியாகிவிட்டது. தேர்வு அறிவிப்பு பல்கலைக்கழக இணையதளத்தில் வரும். தினமும் போய்ப் பார்க்கிறவர் யார்? தேர்வைத் தாமே நடத்தும் தன்னாட்சிக் கல்லூரிகள் சிலவற்றில் ஒற்றைப் பருவத் தாள் நவம்பரில் மட்டும், இரட்டைப் பருவத் தாள் ஏப்ரலில் மட்டும். ஒரு முறை தவறவிட்டால் ஓராண்டு போச்சு. பட்டம் முடிக்கப் படிப்புக் காலத்துக்கு மேல் இரண்டாண்டு என்பது யு.ஜி.சி. வழிகாட்டுதல். இந்தக் கணக்கில் வகுப்பு முடிந்தபின் அவருக்குக் கிடைப்பது தாளுக்கு இரண்டே வாய்ப்பு. இதற்கிடையில் பாடத்திட்டம் மாறியிருக்கும். பழைய தாளின் குறியீட்டுக்கு இணையான புதிய தாள் எது என்று விண்ணப்பத்தில் தப்பாக எழுதினால் எழுதிய தேர்வே செல்லாது. செய்முறைத் தாளில் அரியர் உள்ளவர் பாடு இன்னும் மோசம்: ரெக்கார்டு நோட்டு தொலைந்திருக்கும், கையெழுத்துப் போட்ட ஆசிரியர் மாற்றலாகிப் போயிருப்பார்.

இவர்களில் ஒரு பகுதிக்குத் தேறாத தாளே கிடையாது என்பதுதான் வயிறெரியும் சங்கதி. முதன்மைப் பாடம், துணைப்பாடம் எல்லாம் தேறியிருப்பார். பட்டத்துக்கு வேண்டிய 140 கிரெடிட்டில் (தாள்களுக்கான தகுதிப் புள்ளிகளில்) ஒன்றோ இரண்டோ குறையும். தேடிப் பார்த்தால் சுற்றுச்சூழல் கல்வித் தாளின் மதிப்பெண் ஏறியிருக்காது, அல்லது என்.எஸ்.எஸ்., விளையாட்டு என்று பகுதி ஐந்தில் வரும் கிரெடிட்டைக் கல்லூரி அனுப்பியிருக்காது. அல்லது அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டப் படிப்பை இணையத்தில் முடித்திருப்பார், மதிப்பெண் பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்காது. மாணவருக்கோ, தான் எதில் தவறினோம் என்றே தெரியாது. ஐந்தாம் பருவம் முடிந்ததும் ஒவ்வொரு மாணவருக்கும் கிரெடிட் கணக்குச் சீட்டு ஒன்றைக் கொடுத்து, "இதில் விடுபட்டது உண்டா, பார்த்துக் கையெழுத்திடு" என்று கேட்டால் இந்த வகை முழுக்க ஒழிந்துவிடும். செலவு ஆளுக்கு ஒரு தாள்.

மீதிப் பேருக்கு வேண்டியது கொஞ்சம் நேரமும் கொஞ்சம் இரக்கமும். இறுதிப் பருவம் முடிந்து ஒரே ஒரு தாள் மிச்சமுள்ளவருக்கு உடனடித் துணைத்தேர்வு பல இடங்களில் உண்டு. அதை இரண்டு தாள் வரைக்கும், எந்தப் பருவத் தாளாக இருந்தாலும், முடிவு வந்த முப்பது நாளுக்குள் என்று விரியுங்கள். ஆள் இன்னும் ஊரில் இருக்கும்போது, புத்தகம் பழைய பேப்பர் கடைக்குப் போகுமுன் எழுதட்டும். மறுமதிப்பீட்டுக் கெடுவும் துணைத்தேர்வு விண்ணப்பக் கெடுவும் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறுமதிப்பீட்டை நம்பிக் காத்திருந்து துணைத்தேர்வைக் கோட்டை விடுகிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

அலுவலக நேரமும் ஒரு தடை. காலை பத்து மணி முதல் மாலை ஐந்தே முக்கால் வரை என்று திறந்திருக்கும் ஜன்னலுக்கு வர, எட்டரை மணி ஷிப்ட்டுக்குப் போகிறவர் ஒரு நாள் கூலியை விட வேண்டும். போனஃபைடு சான்றிதழுக்கு ஒரு நாள், கட்டணத்துக்கு ஒரு நாள், மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் திருத்த ஒரு நாள் என்றால் மூன்று ஷிப்ட் போச்சு. இரண்டு பஸ் மாறி வரும் செலவு வேறு. வால்பாறையிலிருந்தோ பர்கூர் மலையிலிருந்தோ இறங்கி வருகிறவருக்கு அன்றைக்கே திரும்பிப் போவதே சிரமம்.

கல்யாணமாகிப் போன பெண்கள் விஷயத்தில் எல்லைக்கோடுதான் எதிரி. கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டக் கல்லூரிகள் பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி பெரியார் பல்கலைக்கழகம். கரூர், பாரதிதாசன் பல்கலைக்கழகம். ஈரோட்டிலிருந்து பாலம் தாண்டினால் பள்ளிபாளையம். அங்கே மாவட்டமும் வேறு, பல்கலைக்கழகமும் வேறு. கோபியில் இரண்டாண்டு பி.ஏ. படித்த பெண் ராசிபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டால், மூன்றாம் ஆண்டை அங்கே தொடர முடியும் என்று விதிப்புத்தகம் சொல்லலாம். நடைமுறையில் இணைச் சான்று, தடையின்மைச் சான்று, விடுபட்ட தாள்களைத் தனியாக எழுதுவது என்று இழுத்து, "சரி, அப்புறம் பாத்துக்கலாம்" என்பதில் முடியும். மூன்று பல்கலைக்கழகங்களும் ஒருமுறை உட்கார்ந்து, தமிழ், ஆங்கிலம், சுற்றுச்சூழல் கல்வி போன்ற பகுதி நான்கு தாள்களை எந்தக் கேள்வியும் இல்லாமல் ஏற்றுக்கொள்வோம் என்று ஒப்பந்தம் போட்டாலே பாதிச் சுமை இறங்கிவிடும். முதன்மைப் பாடங்களுக்கு ஓர் இணைப் பட்டியல் போடப் பாடத்திட்டக் குழுக்களுக்கு ஆறு மாதம் கொடுங்கள்.

கல்வி உதவித்தொகை தாமதமாக வருவதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்; நாங்கள் ஒன்றை மட்டும் சொல்கிறோம். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களின் போஸ்ட் மெட்ரிக் தொகை ஆண்டு முடிவில் வருகிறது, கல்லூரிக் கட்டணமோ ஆண்டுத் தொடக்கத்தில் கேட்கப்படுகிறது. உதவித்தொகை அனுமதிக்கப்பட்ட மாணவரின் ஹால் டிக்கெட்டைக் கட்டண பாக்கிக்காக நிறுத்தும் கல்லூரியை இணை இயக்குநர் அலுவலகம் கேள்வி கேட்க வேண்டும். அந்தப் பாக்கி மாணவருடையது அல்ல.

இவ்வளவுக்கும் அடிப்படை கணக்கு என்று தொடங்கினோம். அந்தக் கணக்கைப் போட இப்போது எல்லாமே கையில் இருக்கிறது. பள்ளி மாணவர் தகவல் பதிவில் எமிஸ் எண், கல்லூரி மாணவர் தகவல் பதிவில் யூமிஸ் எண், தேர்வுக்குப் பதிவெண். மூன்றையும் ஒரே வரியில் எழுதிவிட்டால் ஒரு பிள்ளை எங்கே போனாலும் தெரியும். 2022 செப்டம்பர் 5இல் மாணவிகளுக்காகத் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்குக்குப் போகிறது. 2024 ஆகஸ்ட் 9இல் ஆண் பிள்ளைகளுக்காகக் கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் அப்படியே. அந்தப் பணத்துக்காக ஒவ்வொரு மாணவரும் தொடர்ந்து படிக்கிறாரா என்று கல்லூரி சரிபார்த்து அனுப்பிக்கொண்டிருக்கிறது. எவர் பெயர் எந்த மாதம் பட்டியலிலிருந்து விழுந்தது என்பது அங்கே பதிவாகியிருக்கிறது. பணத்தை நிறுத்த மட்டும் பயன்படும் அந்தப் பதிவை, ஆளைத் தேடவும் பயன்படுத்தலாமே.

நாங்கள் கேட்கும் பதிவேடு இவ்வளவுதான். செப்டம்பர் 30 பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆண்டுக்கு ஒருமுறை ஐந்தில் ஒன்று: படிக்கிறார்; வேறு இடம் மாறினார், எங்கே; நின்றுவிட்டார், எந்த மாதம்; வகுப்பு முடிந்தது, அரியர் எத்தனை, எந்தத் தாள்; பட்டம் பெற்றார், எந்த மாதம். இறந்தவர் இருந்தால் தனியாக. பெயர்களை வெளியிட வேண்டாம். எண்களை மட்டும் துறைவாரியாக, மூன்றாம் ஆண்டு முடிவிலும் ஐந்தாம் ஆண்டு முடிவிலும் தகவல் பலகையில் போடுங்கள். முதல் ஆண்டு இந்த எண் அசிங்கமாகத்தான் இருக்கும். எல்லாரும் ஒரே நாளில் வெளியிட்டால் யாருக்கும் தனி அவமானம் இல்லை. அந்த நாளை முடிவு செய்து சுற்றறிக்கை விட வேண்டியவர்கள் இணை இயக்குநர்கள்.

தொடங்க 2022-23இல் சேர்ந்த அணி சரியாக இருக்கும். புதுமைப்பெண் தொகையை முதலாண்டிலிருந்தே பெற்ற முதல் அணி அது. 2025 ஏப்ரலில் வகுப்பு முடிந்தது. இரண்டாண்டுக் கெடு 2027 ஏப்ரலோடு தீர்கிறது. அந்த அணியில் அரியர் மிச்சமுள்ளவர்களின் பட்டியலைத் தேர்வுப் பிரிவிலிருந்து எடுத்து, ஒவ்வொருவருக்கும் தமிழில் ஒரு கடிதம் அனுப்புங்கள்: இன்னும் தேற வேண்டிய தாள் இவை, இப்போதைய குறியீடு இவை, கட்டணம் இவ்வளவு, கடைசி நாள் இது, ரெக்கார்டு நோட்டு இல்லையென்றால் இந்த ஆசிரியரைப் பாருங்கள். கடிதத்தின் அடியில் ஒரு வரி சேருங்கள்: "மாதத்தின் முதல், மூன்றாம் சனிக்கிழமை இரவு எட்டரை மணி வரை தேர்வுப் பிரிவு திறந்திருக்கும்." திருப்பூரில் சனிக்கிழமைதான் சம்பள நாள்; தேர்வுக் கட்டணம் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
கொங்கு மண்டலக் கல்லூரிகளின் வகுப்பறைகளிலும் தேர்வுப் பிரிவுகளிலும் பணியாற்றுவோர் சிலர்